யு/ஏ 13+ படத்துக்கு 8 வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். மகனுக்கு 8 வயது, மகளுக்கு 4. வருகிற ஞாயிறு உங்கள் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு எல்லாருமாக ஒரு பெரிய ஹீரோ படத்துக்குப் போக டிக்கெட் போட்டாயிற்று, காலை 11 மணிக் காட்சி. அதற்குப் பிறகுதான் போஸ்டரில் யு/ஏ 13+ என்று இருப்பதைக் கவனித்திருக்கிறீர்கள். வீட்டில் "நாமெல்லாம் சின்ன வயசில் பார்க்காத சண்டையா" என்கிறார்கள். கூட்டிப் போகலாமா, வேண்டாமா. இனிமேல் ஒரு படமோ மொபைலில் வருகிற வீடியோவோ நம் பிள்ளைக்குச் சரிப்படுமா என்று எதை வைத்து முடிவெடுப்பது? இதுதான் கேள்வி. சென்சார் போட்ட அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இதற்கு அடியில் இருக்கிற சந்தேகம் என்று எனக்குப் படுகிறது. குழந்தை உளவியல் படித்துவிட்டு 17 வருடமாகத் திருச்சிப் பக்கம் பள்ளிகளில் ஆலோசகராக இருக்கிறேன். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டி, முடிந்ததும் வட்டமாக உட்காரவைத்துப் பேசவைப்போம். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த எண். இந்தியாவில் 1983 வரை யு, ஏ என்று இரண்டே வகைதான். அந்த வருடம் யு/ஏ வந்தது. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் பெற்றோர் யோசித்து முடிவெடுங்கள் என்று அதற்கு அர்த்தம். நாற்பது வருடமாக எல்லாவற்றையும் அந்த ஒரே கூடைக்குள் போட்டார்கள்; லேசாகச் சோகம் தட்டுகிற குடும்பப் படமும் யு/ஏ, வரிசையாக ஆட்களை வெட்டிச் சாய்க்கிற படமும் யு/ஏ. 2023-ல் சட்டத்தைத் திருத்தி அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள், 2024 நவம்பரில் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. உங்கள் கண்ணில் பட்ட 13+ அப்படி வந்தது. ஆனால் இந்த எண்ணைப் பெற்றோரும் பாதுகாவலரும் தவிர வேறு யாரும் அமல்படுத்த முடியாது என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதியிருக்கிறது. அதாவது உங்கள் 4 வயது மகளை ஞாயிற்றுக்கிழமை வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்துவது ஏ சான்றிதழ் மட்டும்தான். 18 ஆகாதவர்களை, அப்பா அம்மா கூட வந்தாலும், உள்ளே விடக் கூடாது. 2025-ல் ரஜினியின் 'கூலி'க்கு ஏ கிடைத்தபோது, யு/ஏ கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனதும் மனு தள்ளுபடியானதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த ஒரு எழுத்து குடும்பக் கூட்டத்தையே வெளியே நிறுத்திவிடும் என்பதால்தான் அவ்வளவு போராட்டம்.

பழைய படங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'யு போட்டிருக்கே' என்று நம்பி டிவியிலோ ஓடிடியிலோ போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போகிற பெற்றோர் நிறையப் பேர். தமிழ்நாட்டில் 2006-ல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு கொடுத்தார்கள். 2011-ல் அதோடு யு சான்றிதழும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்ந்தது. யு/ஏ வாங்கினால் விலக்கு கிடையாது. அதனால் அங்கே நாலு நொடி வெட்டி, இங்கே ஒரு வார்த்தையை ஊமையாக்கி, ரத்தத்தின் நிறத்தைக் குறைத்து எப்படியாவது யு வாங்கிவிடுவதில் தயாரிப்பாளர்கள் குறியாக இருந்தார்கள். 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்த ஏற்பாடு மாறிவிட்டது. அந்த ஆறேழு வருடத்துத் தமிழ்ப் படத்தில் யு என்று இருந்தால், அது குழந்தைகள் படம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, எண் படத்தைப் பற்றிச் சொல்கிறது. பிள்ளையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எந்த வயதில் எது பயமுறுத்தும் என்பதில் ஆராய்ச்சி ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்காவில் ஜோன் கேன்டர் என்ற பேராசிரியர் பல வருடம் இதையே ஆராய்ந்தார். அவர் கண்டதைச் சுருக்கினால், ஆறேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு உருவமும் சத்தமும்தான் பயம், கதை அப்புறம்தான். ஹல்க் தொடரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று உண்டு. சாது மனிதன் பச்சை ராட்சசனாக மாறுகிற இடத்தில் சின்னப் பிள்ளைகள் மிரண்டார்கள், பெரிய பிள்ளைகளுக்கு அவ்வளவு பயமில்லை. மாறுகிறவன் நல்லவன், காப்பாற்றத்தான் வருகிறான் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. நம் ஊர்ப் பேய்க் காமெடிகளை இதோடு வைத்துப் பாருங்கள். "காமெடிப் படம்தானே" என்று கூட்டிப் போகிறார்கள். நமக்குக் காமெடி. நாலு வயதுக்கு அது வெள்ளை முகமும் சிவப்புக் கண்ணும், திடீரென்று காதில் அறைகிற சத்தமும் மட்டும்தான். "அதெல்லாம் மேக்கப்டா, நிஜம் இல்லை" என்று அந்த வயதில் விளக்குவதில் பெரிய பலன் இல்லை என்பதும் தெரிந்த விஷயம். மடியில் வைத்துக்கொள்வது, தண்ணீர் கொடுப்பது, வெளியே தூக்கிக்கொண்டு போவது, இவைதான் வேலை செய்யும்.

மகளைப் பொறுத்தவரை அதனால் எனக்குத் தயக்கமே இல்லை. கூட்டிப் போக வேண்டாம். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2 முதல் 5 வயதுவரை ஒரு நாளைக்கு மொத்தமாகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று சொல்கிறது. பெரிய ஹீரோ படம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது, அதுவும் அந்த ஸ்பீக்கர் சத்தத்தில். தியேட்டரில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண் மட்டும் திரையில் குத்திட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். "பாருங்க, எவ்வளவு ஆர்வமா பார்க்கறா" என்று பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

எட்டு வயது வேறு. உருவத்துக்கான பயம் குறைந்து, 'இது நிஜத்தில் நடக்குமா, நம் வீட்டில் நடக்குமா' என்கிற பயம் தலைகாட்டுகிற வயது. கடத்தல், தீ, விபத்து, முக்கியமாக அப்பா அம்மா சாவது. 1994-ல் வந்த லயன் கிங் கார்ட்டூன்தான், அதிலேயே குட்டிச் சிங்கத்தின் கண்முன் அப்பா சாகிறது. நம் மாஸ் படங்களில் ஹீரோ கத்தி எடுப்பதற்குக் காரணமாகவே முதல் பாதியில் அவன் மனைவியையோ குழந்தையையோ கொன்றுவிடுவார்கள். நாம் சண்டைக் காட்சியை நினைத்துக் கவலைப்படுகிறோம். எட்டு வயதுப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப் போவது அந்தச் சாவைத்தான் என்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

ஒரு முறை எங்கள் கோடைத் திரையிடலில் காணாமல் போன ஒரு நாயைப் பற்றிய சின்னப் படம் போட்டோம். ரொம்பச் சாதுவான படம், கடைசியில் நாய் திரும்பி வந்துவிடும். அக்காவோடு வந்திருந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன் பாதியிலேயே திரையை விட்டுவிட்டுப் பாயில் கோரையைப் பிய்க்க ஆரம்பித்தான். பிறகு மெதுவாக நகர்ந்து வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். படம் முடிந்து விளக்குப் போட்டு, மற்றவர்கள் எல்லாம் நாய் வந்துவிட்ட சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது, மூன்று தடவை ஒரே கேள்வி கேட்டான்: "அது தெருவில இருந்தப்ப யாரு சோறு போட்டா?" அவனுக்குப் படம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. சுபமான முடிவு அவனிடம் போய்ச் சேரவே இல்லை. 'கடைசியில் எல்லாம் சரியாகிவிடும், பரவாயில்லை' என்று நாம் போடுகிற கணக்கு சின்னப் பிள்ளைகளிடம் பலிக்காது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சண்டையைப் பார்த்தால் பிள்ளை முரடனாகிவிடுவானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கே உறுதியையும் சந்தேகத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பார்த்ததைப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள் என்பது உறுதி. 1961-ல் ஆல்பர்ட் பண்டூரா ஸ்டான்ஃபோர்டில் 72 மழலைப் பள்ளிக் குழந்தைகளை வைத்துச் செய்த பரிசோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மையைப் போட்டு அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதே மாதிரி அடித்தார்கள். அவர் 1965-ல் செய்தது அதைவிட முக்கியம். அடித்தவருக்குத் திட்டு விழுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகத்தான் அடித்தார்கள், ஆனால் செய்து காட்டினால் பரிசு என்றதும் அவர்களும் அச்சு அசலாகச் செய்து காட்டினார்கள். ஆக, கற்றுக்கொள்வது எப்படியும் நடக்கிறது. வெளியே வருமா என்பதைச் சுற்றி இருப்பவர்களின் பாராட்டும் கண்டிப்பும் தீர்மானிக்கிறது. படம் பார்த்து வளர்ந்த பிள்ளை பெரியவனானதும் வன்முறையாளன் ஆவானா என்பது வேறு கேள்வி. அதில் ஆராய்ச்சியாளர்களே பல வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அப்படி ஆகிவிடும் என்று உங்களைப் பயமுறுத்த நான் தயாராக இல்லை. ஆனால் எங்கள் ஊர் தியேட்டரில் ஹீரோ ஒருவன் கழுத்தை அறுக்கும்போது மொத்தக் கூட்டமும் விசில் அடிக்கிறது, அப்பாவும் எழுந்து நின்று கை தட்டுகிறார். அந்த விசிலுக்குச் சான்றிதழில் இடம் கிடையாது. எட்டு வயதுப் பையன் அப்பாவின் கையைத்தான் பார்க்கிறான்.

ரத்தத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது ஒன்று உண்டு, பெற்றோர் யாரும் அதைக் கேட்பதே இல்லை. காமெடி. ஒருவரின் கறுப்பை, குண்டை, சொட்டையை, திக்குவாயைக் கேலி செய்கிற காமெடிக்கு வயதுக் கட்டுப்பாடு பெரிதாக வருவதில்லை. மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று, ஒரு விடுமுறை முடிந்து வந்ததில் இருந்து மதிய இடைவேளையில் மைதானத்துக்கு வர மாட்டேன் என்றாள். வகுப்பறையிலேயே டிபன் பாக்ஸை மூடி மூடித் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். பத்து நாள் கழித்துத்தான் சொன்னாள். அந்த லீவில் வந்த ஒரு படத்தில் கறுப்பாக இருக்கிற பெண்ணைப் பார்த்துக் காமெடியன் சொல்கிற ஒரு வரி. வகுப்பே அவளை அந்த வரியால் கூப்பிட ஆரம்பித்திருந்தது. படம் யு. சொன்ன பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் இல்லை. வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்த வரியைத்தான் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மாட்டேன் என்று சொன்ன பெண்ணை ஹீரோ விடாமல் துரத்துவதைக் காதல் என்று காட்டும் பாட்டுகளையும் இதே கணக்கில்தான் வைப்பேன். இந்த இடங்களில் படத்தை நிறுத்த வேண்டும் என்றுகூட இல்லை. நீங்கள் சிரிக்காமல் இருந்து, "அந்தப் பொண்ணு இடத்தில நாம இருந்தா எப்படி இருக்கும்?" என்று அப்புறம் ஒரு வார்த்தை கேட்டாலே பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

படத்தில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள எனக்கு உதவுகிற வழிகளைச் சொல்கிறேன். டிரெய்லரை வைத்து முடிவெடுக்காதீர்கள், அது டிக்கெட் விற்க வெட்டியது. பெரிய தமிழ்ப் படங்கள் பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் வெளியாகின்றன, அங்கே தனியாகத் தரம் பிரிக்கிறார்கள். பிரிட்டன் வாரியம் யு, பிஜி, 12ஏ, 15, 18 என்று போடுவதோடு, வன்முறை எந்த அளவு, காயம் எப்படிக் காட்டப்படுகிறது, என்ன மாதிரி வசவு என்று சில வரிகளில் தன் இணையதளத்திலேயே எழுதிவிடும். சிங்கப்பூரில் ஜி, பிஜி, பிஜி13, என்சி16, எம்18, ஆர்21. அந்தக் குறிப்பை ஒரு தடவை தேடிப் படியுங்கள், இங்கே ஒற்றை எண்ணாகத் தெரிவது அங்கே விவரமாகத் தெரியும். ஐஎம்டிபி தளத்தில் படத்தின் பக்கத்தில் பெற்றோருக்கான பகுதி ஒன்று உண்டு. பார்வையாளர்களே எழுதுவது, எனவே படத்துக்குப் படம் தரம் மாறும், இருந்தாலும் புதுப் படத்துக்கு அவசரத்தில் உதவும். எல்லாவற்றையும்விட நல்லது, முதல் நாளே பார்த்த ஒருவரிடம் கேட்பது. "படம் எப்படி" என்று கேட்டால் "செம" என்பார்கள். "குழந்தையை ஏதாவது செய்கிறார்களா? அம்மா செத்துப் போகிற மாதிரி வருதா? பெண்ணைப் பலவந்தம் செய்கிற காட்சி இருக்கா? எந்த இடத்தில் நீ கண்ணை மூடினே?" என்று கேளுங்கள்.

ஓடிடியில் நிலைமை வேறு. அங்கே சென்சார் போர்டு கிடையாது. 2021 விதிகளின்படி நிறுவனங்களே யு, 7+, 13+, 16+, ஏ என்று தரம் பிரித்துக்கொள்ள வேண்டும்; 13+க்கும் அதற்கு மேலும் பெற்றோர் பூட்டு வசதி கொடுத்தாக வேண்டும். தியேட்டரில் வெட்டியது ஓடிடியில் வெட்டாமலும் வரலாம் என்பதால் 'தியேட்டர்ல பார்த்த படம்தானே' என்று இருக்காதீர்கள். பூட்டு இருந்தும், உங்கள் பெயரில் இருக்கிற பக்கத்துக்கு நாலு இலக்க எண் வைக்கவில்லை என்றால் பிரயோஜனம் இல்லை. பிள்ளைக்குத் தனிப் பக்கம் போட்டுக் கொடுத்துவிட்டு நம் பக்கத்தைத் திறந்தே விட்டுவிடுகிறோம், அவன் அங்கேதான் போவான்.

யூடியூபில் வயதுச் சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. 2017-ல் குழந்தைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் முகங்களை வைத்து ஊசி, ரத்தம், கொடுமை என்று ஆயிரக்கணக்கில் வீடியோக்கள் புகுந்து, பிறகு நிறுவனம் பல சேனல்களை நீக்கியது. வெளியே தெரிகிற படத்தைப் பார்த்தால் பெற்றோருக்குச் சந்தேகமே வராத வீடியோக்கள் அவை. மகளுக்கு யூடியூப் கிட்ஸ் செயலியில் 'நான் அனுமதித்தது மட்டும்' என்ற அமைப்பைப் போடுங்கள். நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட இருபது முப்பது வீடியோக்கள் போதும், நாலு வயதுப் பிள்ளைகள் ஒன்றையே நூறு தடவை பார்ப்பார்கள். தேடலும் தானாக நின்றுவிடும். மகனுக்கு 5 முதல் 8 வரை, 9 முதல் 12 வரை என்று அமைப்புகள் உண்டு, ஆனால் அவற்றையும் முழுக்க நம்பி விட்டுவிட முடியாது. அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள், மொபைலைக் கூடத்தில் வைத்து, ஹெட்போன் இல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள். காதில் விழுகிற சத்தத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும். "என்ன பார்க்கிறே" என்று அதட்டினால் மொபைலைத் திருப்பிக்கொள்வான். பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து "இவன் யாரு, ஏன் இப்படிக் கத்தறான்?" என்று கேட்டால் அவனே எல்லாவற்றையும் சொல்வான்.

வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு வருகிறேன். அவர்கள் சின்ன வயதில் சண்டை பார்த்தது உண்மை. ஆனால் அநேகமாக மாதத்துக்கு ஒரு படம், டிஷ்யூம் டிஷ்யூம் சண்டை, மொட்டை மாடியில் விழுந்தவன் எழுந்து ஓடிவிடுவான். இப்போது எலும்பு முறிகிற சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து, கத்தி இறங்குவதை நிதானமாக்கிக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். இதைச் சொல்லி மச்சினரோடு வாக்குவாதத்தில் இறங்காதீர்கள், ஜெயிக்க முடியாது. "பாப்பா சத்தத்துக்கு அழுவா, உங்களாலயும் படம் பார்க்க முடியாது, அவ பாட்டிகூட இருக்கட்டும்" என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள், அது உண்மையும்கூட.

மகனைப் பற்றி, அவனை நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 13+ என்றால் அவனுக்கு ஐந்து வருடம் மீதம் இருக்கிறது, என் பிள்ளையாக இருந்தால் நான் கூட்டிப் போக மாட்டேன். ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படுகிற பிள்ளையாகவோ, சமீபத்தில் வீட்டில் ஒரு சாவைப் பார்த்த பிள்ளையாகவோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். டிக்கெட் காசு போனால் போகட்டும். அண்ணன் பிள்ளைகள் எல்லாரும் போகும்போது இவன் மட்டும் வீட்டில் இருப்பதும் ஒரு வலிதான், அதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதனால் வெள்ளிக்கிழமையே பார்த்த ஒருவரிடம் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு, பதில் திருப்தியாக இருந்து, நீங்கள் கூட்டிப் போவதாகவே முடிவெடுத்தால் முன்னாடியே அவனிடம் பேசிவையுங்கள். "பிடிக்கலைன்னா என் கையை ரெண்டு தடவை அழுத்து, காரணம் கேட்க மாட்டேன், வெளியே போய் பாப்கார்ன் வாங்கலாம்" என்று சொல்லுங்கள். அவன் அழுத்தினால் மறுபேச்சு இல்லாமல் எழுந்துவிடுங்கள். திரும்பி வந்ததும் "பயந்தியா?" என்று கேட்காதீர்கள், பையன்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள், "எந்த இடம் உனக்குப் பிடிக்கலை?" என்று கேளுங்கள். அடுத்த சில நாள் தூக்கத்தைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு ராத்திரி விழித்துக்கொண்டு வந்து பக்கத்தில் படுப்பது சகஜம். வாரக்கணக்கில் நீடித்தாலோ, படுக்கையை நனைக்கத் தொடங்கினாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ என் மாதிரி ஆட்கள் இணையத்தில் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், வரிசையின் ஓரத்து இருக்கை யாருக்கு வந்திருக்கிறதோ அவரிடம் இப்போதே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இருட்டில் பத்துப் பேர் காலைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும் என்றால் அவன் உங்கள் கையை அழுத்தவே மாட்டான்.